கன்னியப்பனுக்கு வலிப்பு இல்லை

செஞ்சியில் எண்ணெய் மில் வைத்திருந்த ராஜாங்கத்துக்குக் கார் ஓட்டத் தெரியாது. 1960இல் பாண்டிச்சேரியில் ஒருவரிடமிருந்து பழைய ஃபியட் ஒன்றை வாங்கியபோது, கூடவே ஒரு டிரைவரையும் தேட வேண்டியிருந்தது. அவருடைய நிலத்தில் படியாளாக இருந்தவரின் மகன் கன்னியப்பன் சாத்தனூர் அணைக்கு மண் சுமக்கப் போய், அங்கேயே லாரி ஓட்டக் கற்று, லைசென்சோடு ஊர் திரும்பியிருந்தார். ராஜாங்கம் ஆளனுப்பி அவரைக் கூப்பிட்டார். மில்லுக்குப் பின்னால் குடிசை போட்டுக்கொள்ள இடம் கொடுத்தார். லைசென்சை வாங்கித் தன் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

"எங்கிட்ட இருந்தா பத்திரமா இருக்கும். இந்தப் பக்கம் எந்தப் போலீஸ்காரன் என் வண்டிய நிறுத்தப் போறான்?" என்றார்.

அப்போது அது கன்னியப்பனுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. போகப் போகத்தான் புரிந்தது. கார் ஓடாத நேரத்தில் மூட்டை இறக்க வேண்டும், எருமைக்குத் தண்ணீர் காட்ட வேண்டும், யாராவது கூப்பிடுவார்கள் என்று கொல்லைப்புறத்தில் நின்றுகொண்டே இருக்க வேண்டும். காரில் அவர் தோளுக்கு ஒரு முழம் பின்னால் உட்கார்ந்து வருகிற அதே குடும்பம், வீட்டில் அவரைப் பின்வாசலைத் தாண்ட விட்டதில்லை. மனைவி பூவாயியும் ராஜாங்கத்தின் நிலத்தில்தான் களை எடுத்தாள். இருந்த இடமும் அவருடையது, செய்த வேலையும் அவருடையது.

பஸ் டிரைவராகிவிட வேண்டும் என்று கன்னியப்பன் ஆசைப்பட்டார். காக்கிச் சட்டை, ஓட்டுகிற நேரத்துக்கு ஒரு கணக்கு, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. இரண்டு வருடத்தில் மூன்று கம்பெனிகளுக்குப் போனார். மூன்றிலும் பஸ்ஸைக் கொடுத்து ஓட்டச் சொல்லிப் பார்த்தார்கள், நன்றாகவே ஓட்டினார். லைசென்ஸ் எங்கே என்று கேட்டார்கள். முதலாளியிடம் இருக்கிறது என்று சொல்ல வேண்டியிருந்தது. அப்படியா, விசாரித்துவிட்டுச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை. கன்னியப்பன் முதலில் தன் சாதியை நினைத்தார், பிறகு தன் தலையெழுத்தை. சட்டைக் காலர் கிழிந்திருந்ததுதான் காரணம் என்று பூவாயி சொன்னாள்.

1964 பங்குனியில் ராஜாங்கத்தின் மகள் குமுதவல்லி ஏழு மாதக் கர்ப்பமாக இருந்தாள். பனமலையில் புருஷன் வீட்டில் வளைகாப்பு முடிந்ததும் அவளைச் செஞ்சிக்கு அழைத்துவர வேண்டும். காரின் பின்பக்க ஷாக் அப்சார்பர்கள் இரண்டும் செத்துப் போயிருந்தன. ஒரு பள்ளத்தில் இறங்கினால் வண்டியின் பின்பாகம் ஊஞ்சல் போல நான்கு தடவை ஏறி இறங்கித்தான் அடங்கும். பிள்ளைத்தாய்ச்சியை இதில் ஏற்றக் கூடாது என்று ராஜாங்கத்தின் மனைவி வள்ளியம்மாள் பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். மதராஸிலிருந்து புதிய ஜோடி பஸ் பார்சலில் வந்தது. திண்டிவனம் ஒர்க் ஷாப்பில் விட்டால் மூன்று நாள் ஆக்குவார்கள், நீயே வீட்டில் மாட்டிவிடு என்றார் ராஜாங்கம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஷெட்டில் கன்னியப்பன் வேலையைத் தொடங்கினார். முன் சக்கரங்களுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்தார். ஜாக்கி வைத்துத் தூக்கி, பின் சக்கரங்களுக்கு அடியில் கருங்கல் பலகைகளைத் தள்ளினார். அப்போதுதான் ஆள் நுழைகிற அளவுக்கு இடம் கிடைத்தது. நான்கு நட்டும் துருப்பிடித்து இறுகிக் கிடந்தன. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, ஸ்பேனரைக் காலால் உதைத்து ஒவ்வொன்றாகக் கழற்றினார். பழைய ஷாக் அப்சார்பரைக் கையால் அமுக்கினால் சைக்கிள் பம்பு போல உள்ளே போனது. எண்ணெய் முழுக்க எப்போதோ ஒழுகிவிட்டிருந்தது. இடது பக்கம் புதியதை மாட்டி முடித்தார். வலது பக்கம் கீழ் நட்டைப் போட்டுவிட்டு, மேல் நட்டைப் பொருத்துவதற்காக வலது கையை ஆக்சிலுக்கு மேலே விட்டிருந்தார். வெளியே செருப்புச் சத்தம் கேட்டது.

ராஜாங்கமும், கன்னியப்பன் வேலை கேட்டிருந்த திண்டிவனம் பஸ் கம்பெனியின் மேனேஜர் ஜெயராமனும் ஷெட்டுக்குள் வந்தார்கள். கன்னியப்பனின் கால்கள் சுவர்ப் பக்கம் இருந்ததால் அவர்கள் கண்ணில் படவில்லை. உச்சிவேளை, டிரைவர் சாப்பிடப் போயிருப்பார் என்று ராஜாங்கம் நினைத்திருக்க வேண்டும். வீட்டில் விருந்தாளிகள் கூட்டம், இங்கேயே பேசலாம் என்று சொல்லிப் பின்கதவைத் திறந்தார். இருவரும் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்கள்.

வண்டி ஸ்பிரிங்கில் அமுங்கியது. கன்னியப்பனின் முன்கை ஆக்சிலுக்கும் காரின் அடித்தகட்டுக்கும் நடுவே நசுங்கியது. கத்துவதற்கு வாயைத் திறந்தார். அதற்குள் அவருடைய பெயர் காதில் விழுந்தது.

ஆள் எப்படி, ஓட்டுவதில் சுத்தம் என்கிறார்களே என்று ஜெயராமன் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஓட்டுவான். அதுல ஒரு கொறையும் சொல்ல முடியாது. ஆனா காக்கா வலிப்பு இருக்குது" என்றார் ராஜாங்கம். "ரெண்டு தடவ வந்துட்டுது. நம்ம ஆளாச்சேன்னு வச்சிருக்கேன். அம்பது பேர ஏத்திக்கினு போற வண்டி. நீங்களே யோசிச்சுக்குங்க."

போன வருடம் விசாரிக்க வந்த கம்பெனிக்காரர்களிடமும் இதைத்தான் சொன்னதாகக் கூடவே சொன்னார். பிறகு மல்லாட்டை என்கிற நிலக்கடலையின் விலை, மழை, தேர்தல் என்று பேச்சு போனது. ராஜாங்கம் பெருத்த உடம்புக்காரர். அவர் சிரிக்கும்போதெல்லாம் வண்டி குலுங்கியது, கை இன்னும் நசுங்கியது. கன்னியப்பன் தோளில் கிடந்த துண்டை வாயில் கடித்துக்கொண்டார். வலி உச்சந்தலைவரை ஏறி உடம்பு நடுங்கத் தொடங்கியது. இப்போது தன்னை வெளியே இழுத்துப் பார்த்தால் வலிப்பு என்றுதானே சொல்வார்கள் என்று தோன்றியது. மூச்சை அடக்கி நடுக்கத்தை நிறுத்தப் பார்த்தார். முடியவில்லை.

கால் மணி நேரம் கழித்து அவர்கள் இறங்கிப் போனார்கள். கன்னியப்பன் கையை மெல்ல வெளியே எடுத்தார். தோல் உரிந்து, முன்கை வீங்கி நீலம் பாரித்திருந்தது. விரல்கள் அசைந்தன. இடது கையால் மேல் நட்டைப் பொருத்தி முறுக்கினார். அப்படியே போட்டுவிட்டு எழுந்து போயிருக்கலாம். பாதி முறுக்கிய நட்டை விட்டுப் போக அவருக்கு வரவில்லை.

மறுநாள் அரசு ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டபோது டாக்டரிடம் கேட்டார். வலிப்பு இல்லை என்று ஒரு சர்டிபிகேட் கிடைக்குமா?

"இருக்குதுன்னா பார்த்துட்டு எழுதித் தரலாம்பா. வரவே வராதுன்னு நான் எப்படி எழுதறது?" என்றார் டாக்டர்.

மில்லில் எள் புடைக்கிற காத்தாயியிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் ஆச்சரியப்படவில்லை. மில்லில் எல்லோருக்கும் ஒரு வருடமாகத் தெரியுமாம். இடுப்பில் செருகியிருந்த இரும்புச் சாவிக் கொத்தை எடுத்துக் காட்டினாள்.

"ஒனக்கு வந்துட்டா கையில குடுக்கணும்னுதான் இத எப்பவும் வச்சிருக்கேன். பாவம்னுதான் ஒங்கிட்ட கேக்கல" என்றாள்.

கன்னியப்பன் அவளிடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள், சாவியை மறுபடி இடுப்பிலேயே செருகிக்கொண்டாள். கோபப்பட்டுக் கத்தினால் வலிப்பு வரப் போகிறது என்பார்கள். சும்மா இருந்தால் உண்மை என்பார்கள். அந்த மூன்று நாளும் அவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். காயம்பட்ட கை டம்ளரைத் தூக்கும்போது லேசாக நடுங்கியது. ஒருவேளை நிஜமாகவே தூக்கத்தில் வந்துவிட்டுப் போகிறதோ என்று பூவாயியிடமே கேட்டார்.

"ஒன் பக்கத்துல படுக்கிறவ நான். எனக்குத் தெரியாதா?" என்றாள் பூவாயி. "அந்தாளு வாயால சொன்னத அந்தாளு வாயாலயே இல்லன்னு சொல்ல வைக்கணும். எப்படின்னு யோசி."

வியாழக்கிழமை ராஜாங்கத்தையும் வள்ளியம்மாளையும் பனமலைக்கு ஏற்றிப் போனார். வளைகாப்பு முடிந்தது. குமுதவல்லி கை நிறைய வளையலோடு வாசலுக்கு வந்தாள். சம்பந்தி ரங்கநாதன், ரிட்டையரான ஹெட்மாஸ்டர், மருமகளை வழியனுப்ப நின்றார். சொந்தக்காரர்கள் சுற்றி நின்றார்கள். ராஜாங்கம் முன்கதவைத் திறந்து, வண்டியை எடு என்றார். கன்னியப்பன் சாவியை எடுத்து பானெட்டின் மேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்.

"மொதலாளி, எனக்கு வலிப்பு இருக்குதுன்னு சொல்லியிருக்கீங்க. மாசமா இருக்கிற பொண்ண நான் எப்படி ஏத்திக்கினு போறது?"

குமுதவல்லியின் மாமியார் சட்டென்று அவள் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். இவன் என்னவோ உளறுகிறான் என்றார் ராஜாங்கம். ரங்கநாதன் அவரை விட்டுவிட்டுக் கன்னியப்பனைப் பார்த்து, யார் சொன்னது என்று கேட்டார்.

"ஐயாதான் சொன்னாரு. ஞாயித்துக்கெழம ஷெட்டுல, பின்சீட்டுல ஒக்காந்துக்கினு பஸ் கம்பெனிக்காரர்கிட்ட சொன்னாரு. நான் அந்த சீட்டுக்கு அடியில கெடந்தேன்" என்று கட்டுப் போட்ட கையைக் காட்டினார்.

ராஜாங்கத்தின் கழுத்தில் வியர்வை இறங்கியது. வலிப்பு உண்டு என்றால், நான்கு வருடமாக இந்தப் பெண்ணை அந்த ஆளோடு அனுப்பியது ஏன் என்று கேட்பார்கள். இல்லை என்றால் பொய் சொன்னவர் ஆவார். அவர் பொய்க்காரராக இருக்கவே சம்மதித்தார். வேலையை விட்டுப் போய்விடக் கூடாது என்று ஒரு வார்த்தை விளையாட்டாகச் சொன்னது, அவனுக்கு ஒரு நோயும் இல்லை என்றார்.

"அப்படின்னா அத எழுதிக் குடுத்துடுங்க சம்பந்தி" என்றார் ரங்கநாதன். "எங்க மருமக ஏறுற வண்டி. எங்களுக்கும் மனசு நிம்மதியா இருக்கணுமில்ல."

உள்ளேயிருந்து காகிதமும் பேனாவும் வந்தன. ராஜாங்கம் நான்கு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். சாட்சியாக ரங்கநாதனும் போட்டார். கன்னியப்பன் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார். பின்சீட்டில் அம்மா மேல் சாய்ந்து குமுதவல்லி செஞ்சிவரை தூங்கினாள்.

மறுநாள் காலை கன்னியப்பன் லைசென்சைக் கேட்டார். மூன்று நாள் நடையாய் நடந்த பிறகு அதை வள்ளியம்மாள்தான் பின்வாசலில் கொண்டுவந்து கொடுத்தாள். குடிசையைக் காலி செய்யச் சொன்னார்கள். கன்னியப்பனும் பூவாயியும் செஞ்சிக் கோட்டையின் கிருஷ்ணகிரி மலைப்பக்கம் ஒரு மாட்டுக் கொட்டகையை ஒதுக்கிக் குடியேறினார்கள். பூவாயிக்குச் செஞ்சியைச் சுற்றி யாரும் வேலை கொடுக்கவில்லை. மல்லாட்டை பிடுங்க வல்லம்வரை நடந்தே போய் வந்தாள்.

ஜெயராமன் அந்தக் காகிதத்தை இரண்டு முறை படித்தார். ஒரே ஆள் இரண்டு விதமாகச் சொல்லியிருக்கிறார், எதை நம்புவது என்றார். கடைசியில், பஸ் கழுவி ஷெட்டுக்குள் நகர்த்தி நிறுத்துகிற வேலையில் சேர்த்துக்கொண்டார். ஆறு மாதம் கன்னியப்பனை ஷெட்டில் எல்லோரும் ஓரக்கண்ணால் கவனித்தார்கள். அவருக்கும் அது தெரியும். தும்மல் வந்தாலும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். ஐப்பசியில் ஒரு டிரைவர் அம்மை போட்டுப் படுத்தபோது, வேறு ஆளில்லாமல் திருவண்ணாமலை டிரிப்பை அவரிடம் கொடுத்தார்கள்.

பிறகு இருபத்து மூன்று வருடம் அந்த ரூட்டில் ஓட்டினார். முதல் சில மாதங்கள் செஞ்சியில் ஏறுகிறவர்கள் அவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார மாட்டார்கள், நின்றுகொண்டே வருவார்கள். அப்புறம் கூட்ட நெரிசலில் அதுவும் போயிற்று. ஆனாலும் எப்போதாவது, கைக்குழந்தையோடு ஏறுகிற ஒரு பெண் கண்டக்டரிடம் குனிந்து மெதுவாக ஏதோ கேட்பாள். கண்டக்டர் இல்லையம்மா, இல்லையம்மா என்பார். கன்னியப்பன் கண்ணாடியில் அதைப் பார்ப்பார், கியரை மாற்றுவார்.