ஊசி என்று கேட்ட காது

மத்தூரிலிருந்து கல்யாணமாகி ஓசூருக்கு வந்த புதிதில் எனக்குக் கன்னடம் சுத்தமாக வராது. என் வீட்டுக்காரர் லாரி டிரைவர். போனால் இரண்டு நாள் கழித்துத்தான் வருவார். பேச்சுத்துணை, கொஞ்சம் தமிழும் பேசுகிற பக்கத்து வீட்டுக் கன்னட அம்மாதான்.

அந்த ஐப்பசியில் குளிர் தொடங்கியதும் என் வீட்டுக்காரருடைய ஸ்வெட்டரை டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்தேன். அதன் கையில் மிளகளவு நாலு ஓட்டை. அந்த அம்மா தடவிப் பார்த்துவிட்டு, "நுசி பித்தைதெம்மா" என்றார். ஊசி விழுந்து கிடக்கிறது என்று என் காது கேட்டது. அவசரக்குடுக்கை நான், பெட்டியைக் கவிழ்த்து ஊசி தேடினேன். வைக்கோல் நிறத்தில் சின்னச் சிறகுப் பூச்சி ஒன்று வெளிச்சத்துக்கு வராமல் மூலைக்கு ஓடியது. அதனால் என்ன என்று மூடிவிட்டேன். அடியில் என் கூறைப்புடவை இருந்தது. துவைத்தால் ராசி போய்விடும் என்று மாமியார் சொன்னதால், கல்யாணத்தன்று பட்ட வியர்வையும் சந்தனமும் அதில் அப்படியே இருந்தன.

தை மாதம் கொழுந்தனார் கல்யாணத்துக்கு அதைக் கட்ட வேண்டும். முதல்நாள் காலை பிரித்தேன். மடிப்பெல்லாம் மணல்போலத் தூள், நூலாம்படைக் கூடு, முந்தானையில் ஓட்டை. கூறை சேதமானால் கட்டினவனுக்கு ஆகாது என்பார்கள் எங்கள் ஊரில். முந்தினநாளே வரவேண்டிய என் வீட்டுக்காரர் இன்னும் வரவில்லை.

நான் அழுத அழுகையில் அந்த அம்மா ஓடிவந்தார். கூட்டிலிருந்து வெள்ளைப் புழுவை எடுத்து உள்ளங்கையில் வைத்தார்.

"இதுதாம்மா நுசி. பறக்கறது ஒண்ணும் பண்ணாது, இதுதான் தின்னும். வேர்வையும் அழுக்கும் இருந்தா விடாது."

அந்து! அன்றே புரிந்திருந்தால்! இருவரும் புடவையை அலசி வெயிலில் போட்டோம். பெட்டியின் இடுக்கெல்லாம் துடைத்துக் காயவைத்து அந்துருண்டை போட்டோம். என் கண் மட்டும் சாலையிலேயே இருந்தது. எந்த லாரிச் சத்தத்துக்கும் வாசலுக்கு ஓடினேன்.

சாயங்காலம் வந்தார். வழியில் ஆக்சில் உடைந்துவிட்டதாம். புடவையைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னையா தின்னுச்சு? பொடவையத்தானே!"

நான் ஊசி தேடின கதையைக் கேட்டு இன்னும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதன்பின் அவர் கிளம்பும் ஒவ்வொரு முறையும் ஸ்வெட்டரை வெயிலில் உதறி, கைகளைப் புரட்டி, தையலை விரித்து விரித்துப் பார்ப்பேன்.

"ஏம்மே, இன்னும் ஊசி கெடைக்கலியா?" என்பார்.

"இல்ல. கொஞ்சம் இருங்க" என்று மறுபடியும் முதலிலிருந்து தேடுவேன்.