கிழிந்த பனியன் முதலாளி

பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்த ஆயம்மாளின் மகளை நிச்சயம் செய்யக் குன்னத்தூரிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. அதற்கு முந்தின நாள், நாடக உடை வாடகைக்கு விடும் உமர் ஒரு பொட்டலத்தோடு அவள் வாசலில் போய் நின்றார். உள்ளே மகாராணி வேஷத்துக்குக் கட்டுகிற பட்டுச் சேலை. "பெட்டியிலேயே கெடந்தா பூச்சி அரிச்சுப் போகுதுங்க. ஒரு நாள் கட்டிக் காத்தாட வெச்சீங்கன்னா எனக்குப் பெரிய ஒத்தாசைங்க" என்றார். உதவி கேட்டு வந்தவர் மாதிரியே தலையைக் குனிந்துகொண்டு திரும்பிப் போனார். பக்கத்து வீட்டில் குடியிருந்த ஆத்தப்பன் இதைப் பார்த்ததால் தெரிந்தது. உமர் வாயால் அது வெளியே வந்ததேயில்லை.

ஊத்துக்குளி ரோட்டில் உமருக்கு ஒரு சின்னக் கடை. நாலு டிரங்குப் பெட்டி, ஒரு தையல் மெஷின். எந்தப் பெட்டியைத் திறந்தால் எந்தச் சாதிசனம் எழுந்து வரும் என்று அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டே சொல்ல வரும். ஏழைக்கு முழங்காலில் ஒட்டு. படித்த பெண்ணுக்குக் கண்ணாடி. வில்லனுக்குக் கட்டம் போட்ட லுங்கி. பணக்காரனுக்குச் சட்டைக்கு மேல் மாட்டுகிற பூப்போட்ட நீளக் கவுன். அந்தக் காலத்துச் சமூக நாடகத்தில் பணக்காரன் தூங்கி எழுந்தாலும் கவுன், சாப்பிட்டாலும் கவுன், மனம் திருந்தி அழுதாலும் கவுன்தான். அப்படி ஒரு கவுனை மாட்டிய பணக்காரனைத் திருப்பூரில் ஒருவரும் கண்டதில்லை. இருந்தாலும் கவுன் மேடையேறினால் கடைசி வரிசைவரைக்கும் பணக்காரன் வந்துவிட்டான் என்று புரிந்துவிடும்.

ஆத்தப்பன் கட்டிங் வேலை செய்த பனியன் கம்பெனியின் முதலாளி மருதாசலம். அவருக்கு ஒரு கார் உண்டு. அது துணி போட்டு மூடி நிற்கும். உடம்பில் நாலு முழ வேட்டி, கம்பெனியில் கழித்துக்கட்டிய செகண்ட்ஸ் பனியன், தோளில் ஒரு துண்டு. விற்கிற சரக்கை விற்கிறவனே உடுத்தித் தீர்ப்பது பாவம் என்பது அவர் கட்சி. இருபது வருஷம் மெஷினுக்குப் பக்கத்திலேயே நின்றதில் காது மந்தமாகிவிட்டது. கண் மட்டும் கழுகுக் கண். முந்தின வருஷம் ஒருவன் சாப்பாட்டு நேரத்தில் அவர் நடையை நடந்து காட்டினான். ஜன்னல் வழியாக அவர் பார்த்துவிட்டார். மறுநாள் அவனுக்குக் கம்பெனியில் வேலையில்லை.

அறுபத்து நாலாம் வருஷம் ஆயுத பூஜைக்கு நாடகம் போடுவது என்று தொழிலாளிகள் முடிவு செய்தார்கள். பாட்டாளிகளை வதைக்கும் முதலாளி ஒருவன் கடைசியில் மனம் திருந்துகிற கதை. மேனேஜர் போய் அனுமதி கேட்டபோது மருதாசலம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "நாடகத்துல பனியன் வருதா?"

வருகிறது என்றார் மேனேஜர்.

"அப்பப் போடுங்க. எல்லாரும் நம்ம பனியன்தான் போடோணும். அத மறைக்கற மாதிரி மேல ஒண்ணும் மாட்டப்படாது. நல்லவன் ஒருத்தன்கூடக் கிழிசல் போட்டுகிட்டு வரப்படாது. சரக்குக்குக் கெட்ட பேரு."

இந்த உத்தரவு உமரிடம் வந்து சேர்ந்தது. கவுன் பெட்டிக்குள் போயிற்று. தொழிலாளி வேஷம் எல்லாம் புதுப் பனியன். கதாநாயகனாக நடித்த வீரனுக்கு லேபிள்கூடப் பிய்க்காத பனியன். நாடகத்தில் நல்லவனாக இல்லாத ஆள் முதலாளி ஒருவன்தான். அந்த வேஷம் ஆத்தப்பனுக்கு.

உமர் பனியன் வாங்கும் சாக்கில் மூன்று நாள் கம்பெனி ஆபீசுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வந்தார். நாலாம் நாள் ஒரு பழைய செகண்ட்ஸ் பனியனை எடுத்து அக்குளில் ஒன்று, முதுகில் ஒன்று, கழுத்தோரம் ஒன்று என்று நிதானமாகக் கிழித்தார். வேட்டியைச் சாய நீரில் முக்கி மங்க வைத்தார். கொடியில் அது தொங்குவதைப் பார்த்த மாத்திரத்தில் ஆத்தப்பனுக்கு மருதாசலமும், போன வருஷம் வேலை போனவனும் ஒன்றாக ஞாபகத்துக்கு வந்தார்கள். தை மாதம் தங்கைக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் ஒத்துக்கொண்டதே அண்ணனுக்குக் கம்பெனி வேலை இருக்கிறது என்றுதான்.

"பாய், அந்தக் கவுனையே குடுத்துருங்க. அதுக்குள்ள பூந்துகிட்டா எந்த ஊரு மொதலாளியோன்னு போயிருமுங்க."

"கவுன் பனியன மறைக்குதுங்களே."

"அப்பப் புதுப் பனியனாச்சும் குடுங்க."

"நீங்களும் புதுசு, வீரனும் புதுசுன்னா, கடைசில குந்தியிருக்கறவங்களுக்கு யாரு யாருன்னு எப்புடிங்க தெரியும்?"

"தெரியலைன்னா என்னுங்க பாய்," என்றான் வீரன், "ஒரு நாளைக்கு நான் மொதலாளியா இருந்துட்டுப் போறேன்."

நாடகத்தன்று பொழுது சாயும் நேரம் படுதாவுக்குப் பின்னால் உமர் பாய் விரித்துத் தொழுதார். அவருக்கு இரண்டடி தள்ளி ஆத்தப்பன் சென்னிமலைக் கோயில் இருக்கும் திக்கைப் பார்த்துக் கும்பிட்டான். இருவரும் வேண்டியது ஒன்றாகத்தான் இருக்கும்.

படுதா விலகியது. மைதானத்தில் முதல் வரிசையில் மருதாசலம். மேடையில் ஆத்தப்பன் தோன்றியதுமே பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது. பலர் துண்டை வாயில் அடைத்துக்கொண்டார்கள். மருதாசலம் சிரிக்கவில்லை. முகம் இளகியது. புதுப் பனியனில் இருந்த வீரன் விரலை நீட்டி ஆத்தப்பனை அதட்டும் கட்டத்தில், வசனம் காதில் விழாத அவர் பக்கத்திலிருந்த மேனேஜரிடம், காது மந்தமானவர்கள் பேசுகிற உரத்த குரலில் சொன்னார்: "அந்தப் பஞ்சப்பராரிய மொதலாளி இப்புடி வெரட்டறானே. மனுசனா அவன்? ஒரு டசன் புதுப் பனியன் கொண்டாந்து குடுங்க அவனுக்கு."

மேனேஜருக்கு மறுக்கத் தைரியமில்லை. காட்சி நடக்கும்போதே பனியன் கட்டு மேடைக்கு வந்தது. ஆத்தப்பன் அதை மார்போடு அணைத்துக்கொண்டே "போனஸ் கெடையாது, போங்கடா" என்று கர்ஜித்தான். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. தப்பித்தோம் என்று அவன் நினைத்தது அப்போதுதான்.

ஆனால் உமர் துணியைத் தைப்பதோடு நிறுத்துகிறவர் அல்ல. துணி எங்கே இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுத்திருந்தார். கடைசிக் காட்சியில் பத்துத் தொழிலாளிகள் வந்தார்கள். ஆத்தப்பனைக் கண்டதும் பத்துத் தோளிலிருந்தும் துண்டு ஒரே சமயத்தில் இறங்கிக் கக்கத்துக்குப் போயிற்று.

மருதாசலம் தினமும் காலை எட்டு மணிக்குக் கம்பெனி வாசலில் பார்க்கிற காட்சி அது. அதற்குக் காது தேவையில்லை.

எழுந்து நின்றார். மேடையைப் பார்த்தார். குனிந்து தன்னைப் பார்த்தார்.

"பாய் எங்க?"

வாயில் நூலோடு உமர் படுதாவுக்குப் பின்னாலிருந்து வந்தார்.

"அந்தக் கிழிஞ்ச பனியங்காரனா மொதலாளி?"

உமர் பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை. "ஆமாங்க."

"என்னயப் பாத்துப் பண்ணுனதா?"

"ஆமாங்க. ஆத்தப்பன் கவுனுதான் கேட்டாப்ல. கெஞ்சுனாப்ல. நாந்தான் கேக்காமப் போட்டுவிட்டேன். தப்பு எம்மேலதானுங்க."

முதலாளிக்குக் கேட்க வேண்டுமே என்று உமர் சத்தமாகச் சொன்னதில் மைதானம் முழுவதற்கும் கேட்டது. ஆத்தப்பனுக்குத் தங்கை கழுத்தில் தாலி ஏறாமல் போவது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது.

"கிழிசல் எத்தன?" என்றார் மருதாசலம்.

"மூணுங்க."

மருதாசலம் கையைத் தூக்கி அக்குளைப் பார்த்தார். முதுகுப் பக்கம் தடவினார். "எனக்கு ரெண்டுதான் இருக்குது. ஒண்ணு கூடப் போட்டுட்டீங்க" என்றார். உட்கார்ந்தார். பிறகு மேனேஜர் பக்கம் திரும்பி, "அந்த டசனத் திருப்பி வாங்கிருங்க. மொதலாளிக்கு எதுக்குப் புதுப் பனியன்?" என்றார்.

ஆத்தப்பனுக்குப் பனியன் போயிற்று, வேலை போகவில்லை. தையில் கல்யாணம் நடந்தது.

மருதாசலம் அடுத்த வாரம் டெர்லின் சட்டை போட்டுக்கொண்டு கம்பெனிக்கு வந்தார். வீட்டம்மா நல்லம்மாள் கட்டாயப்படுத்தியதாகப் பேச்சு. மூன்றாம் நாள் கோயமுத்தூர் நூல் வியாபாரி ஓடி வந்து, "ஏனுங்க, சட்டை போட்டு மூடி மறைக்கற அளவுக்குக் கம்பெனிக்கு ஏதாச்சும் செரமமுங்களா? வெளிய சொல்லாட்டியும் எங்கிட்டச் சொல்லலாமுங்க" என்றார். மறுநாள் செகண்ட்ஸ் பனியன் திரும்பி வந்தது. அதன் பிறகு துணி சம்பந்தமாக எந்தச் சந்தேகம் வந்தாலும் மருதாசலம் உமரைத்தான் கூப்பிட்டுக் கேட்பார்.

எழுபத்தொன்றில் உமர் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார். பம்பாய் போய்க் கப்பலேற வேண்டும். ஸ்டேஷனுக்கு ஆத்தப்பனும் வீரனும் போயிருந்தார்கள். மருதாசலமும் நடந்தே வந்திருந்தார். ரயில் பெட்டியில் உமர் பக்கத்தில் ஒரு மூட்டை மட்டும் இருப்பதைப் பார்த்து அவருக்கு ஆச்சரியம்.

"பாய், அங்க என்ன உடுப்பு?"

"தைக்காத வெள்ளத்துணி ரெண்டுங்க. ஒண்ணு இடுப்புக்கு, ஒண்ணு தோளுக்கு."

"மத்தவங்களுக்கு?"

"ஆம்பளைக அத்தன பேருக்கும் அதேதானுங்க."

மருதாசலம் நெற்றியைச் சுருக்கினார். "அப்ப மொதலாளி யாருன்னு எப்புடித் தெரியும்?"

வண்டி நகர ஆரம்பித்தது. உமர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவருக்குக் கேட்கும்படியாக உரக்கச் சொன்னார்:

"தெரியாதுங்க. அதப் பாக்கத்தானுங்க போறேன்."