கேட்காத கேள்வி

ஸ்கேன் மையங்களின் பதிவுக் கோப்புகளைப் பார்க்கும் அரசு அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வது எங்கள் ஆபீஸ் தர்மம்.

மயிலாப்பூரில் எங்கள் மாடியில் குடியிருக்கும் கல்பனா, அல்ட்ராசவுண்ட் டெக்னீஷியன் டிப்ளமா விளம்பரத்தை நீட்டி, "மாமா, இந்த காலேஜுக்கு அங்கீகாரம் இருக்கா?" என்றாள். விசாரித்துப் பார்த்து, "இருக்கு" என்றேன்.

இரண்டு வருடம் கழித்து, சான்றிதழோடு தேனாம்பேட்டை ஸ்கேன் மையம் ஒன்றுக்குப் போனாள். வயிற்றில் கருவியை வைத்துப் பார்க்க டாக்டருக்குத்தான் சட்டத்தில் இடம் என்று சொல்லிவிட்டார்கள். ஜெல் தடவித் துடைக்கும் வேலை வேண்டுமானால் இருக்கிறதாம்.

அன்று மாலையே, தி.நகர் ஜவுளிக்கடையில் வேலை செய்யும் அவள் அப்பாவும் அவளும் என் வாசலில் நின்றார்கள்.

"இந்தச் சட்டம் உங்களுக்கு முன்னாடியே தெரியுமா மாமா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"நீ அதைக் கேக்கலையேம்மா."

அவள் அப்பா என் சட்டையைப் பிடித்திழுத்து முகத்தில் குத்தினார். மூக்குக்கண்ணாடி உடைந்து புருவம் கிழிந்தது. தலைமுடியைப் பற்றி கிரில் கேட்டில் இரண்டு முறை மோதினார்.

"எம் புள்ளைக்கு ரெண்டு வருசத்த யாருவே திருப்பித் தருவா? இப்ப நான் கேக்கேன், சொல்லும்!" என்று திருநெல்வேலித் தமிழில் கத்தினார்.

வாயெல்லாம் ரத்தம். கல்பனாதான் குறுக்கே விழுந்து, அவர் கையைக் கடித்து என்னை விடுவித்தாள்.

புருவத்தில் ஐந்து தையல். போலீஸ் புகார் எழுதும் முறை எனக்கு அத்துப்படி, எழுதவில்லை. மறுநாள் மாடியேறிப் போய், எக்ஸ்ரே படிப்பில் சேரும் வழியையும், முடித்தால் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பதையும் அவள் கேட்காமலே சொன்னேன். அவள் நிமிர்ந்து பார்க்காமல் எழுதிக்கொண்டாள்.

என் வாழ்நாளில் நான் கொடுத்த முதல் முழுப் பதில் அது.