கேட்காமல் செய்த ரிப்பேர்

காலை 8.20. ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் நானும் அப்பாவும் ஷேர் ஆட்டோவுக்காக நின்றோம். தூறல். நனைக்கவும் செய்யாது, விடவும் விடாது, அப்படி ஒரு சனியன் பிடித்த தூறல். அனகாபுத்தூருக்குப் போவதெல்லாம் ஒரு பயணமா என்று கேட்பீர்கள். தாம்பரம் வரை ஐந்து கிலோமீட்டர், அங்கிருந்து பல்லாவரத்துக்கு ரயில், பிறகு பம்மல் வழியாக இன்னொரு ஷேர் ஆட்டோ. எப்படிக் கூட்டினாலும் பதினெட்டு கிலோமீட்டரைத் தாண்டாது. காசிக்குப் போகிறவர்கள்கூட இவ்வளவு கனத்த மனசோடு கிளம்பியிருக்க மாட்டார்கள்.

எங்கள் கார் அங்கே பஷீர் பாயின் மெக்கானிக் கடையில் நின்றது. மூன்று வாரம் முன்பு, பிரேக்கை மட்டும் பார்க்கச் சொல்லி நான்தான் விட்டுவிட்டு வந்தேன். முந்தின நாள் சாயந்திரம் வாட்ஸப்பில் பில் வந்து விழுந்தது. கிளட்ச், ஷாக் அப்சர்பர், நாலு டயர், புது சீட் கவர். 46,800 ரூபாய். எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா மனுஷன்? நேரில் போய் நாலு கேள்வி நறுக்கென்று கேட்டால்தான் ஆறும் என்று ஆபீசுக்கு லீவு சொன்னேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பிரேக் வெறும் சாக்கு. மழைக்காலத்துக்கு முன்பு ஒரு நாள், பால் வாங்கக் காரில் போன அப்பா கீழ்க்கட்டளை ஏரிப் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் ராஜகீழ்ப்பாக்கத்துக்கு வழி கேட்டுக்கொண்டிருந்தார். எழுபத்தாறு வயது. முப்பத்தைந்து வருஷம் அரசாங்க அலுவலகத்தில் ஒப்புதல் கையெழுத்துப் போட்டவர். அவர் பேனா தொடாமல் அங்கே ஒரு நாற்காலிகூட நகராதாம். மறதி நோயின் ஆரம்பம் என்றார் டாக்டர். நாங்கள் வெளியே மூச்சு விடவில்லை. காலனியில் தெரிந்தால் எல்லோரும் பாவம் பார்ப்பார்கள், அதை அப்பா தாங்க மாட்டார். அவர் கையிலிருந்து சாவியைப் பிடுங்கும் தைரியம் இல்லாமல்தான் வண்டியைக் கொண்டுபோய் அங்கே ஒளித்துவைத்தேன். “அவசரமே இல்ல பாய்” என்றேனே தவிர, ஏன் என்று அவரிடமும் சொல்லவில்லை.

8.40. ஷேர் ஆட்டோ வந்தது. தலைக்கு இருபது ரூபாய். அப்பாவை வீட்டில் விட்டுவர வழியில்லை; மனைவிக்குப் பள்ளிக்கூடத்தில் பரீட்சை வேலை. அவரும் விடுவதாக இல்லை. “என் வண்டியை எடுக்க நான் வராமலா?” என்று சட்டைப்பையில் பேனா செருகிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஏறி உட்கார்ந்ததும் டிரைவரிடம், “இடது பக்கம் பின் டயர்ல காத்து கம்மியா இருக்கு, பாருப்பா” என்றார்.

டிரைவர் தாம்பரத்தில் இறங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். “ஆமா சார், பஞ்சர் மாதிரி கீது. எப்டி சார் உக்காந்துகினே சொன்ன?”

அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்கும்தான். டாக்டர் தப்பாகச் சொல்லிவிட்டாரோ என்ற நப்பாசை அந்த மாதிரி நேரங்களில் வந்து தொலைக்கும்.

9.15. தாம்பரத்தில் மின்சார ரயில். டிக்கெட் ஐந்து ரூபாய். இந்த நாட்டில் ஐந்து ரூபாய்க்கு இன்னும் ஏதோ ஒன்று கிடைக்கிறது. கூட்டத்தில் ஓர் அம்மாள் எழுந்து அப்பாவுக்கு இடம் கொடுத்தார். சானடோரியத்தில் “எங்கே போறோம் ரகு?” என்று கேட்டார் அப்பா. சொன்னேன். குரோம்பேட்டையில் மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன். பல்லாவரத்தில் இறங்கும்போது மூன்றாம் தடவை கேட்டதும் எரிந்து விழுந்துவிட்டேன். இடம் கொடுத்த அம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

10.05. அனகாபுத்தூர். மெயின் ரோட்டில் இறங்கி ஆற்றுப் பக்கம் போகும் சந்தில் நடந்தோம். ரெண்டு ஸ்கூட்டர் எதிரெதிரே வந்தால் ஒன்று சாக்கடையை யோசிக்க வேண்டிய அகலம். எத்தனையோ மழையில் வெள்ளம் ஏறிய கோடு சுவர்களில் இடுப்பு உயரத்துக்கு அப்படியே இருந்தது. தகரக் கூரைக்குக் கீழே எங்கள் வண்டி புது டயரோடு மாப்பிள்ளை மாதிரி நின்றது.

“வாங்க சார், வாங்க தம்பி” என்று பாய் ஸ்டூல் போட்டு டீ சொன்னார். பதினெட்டு வருஷப் பழக்கம். என்ன கழற்றினாலும் பழைய சாமானை அரிசிச் சாக்கில் கட்டிவைத்து, சொந்தக்காரர் முன்னால் கொட்டிக் காட்டிவிட்டுத்தான் பில்லைப் பற்றிப் பேசுவார். அன்றைக்கும் சாக்கு தயாராக இருந்தது. அவர் முடிச்சை அவிழ்ப்பதற்குள் நான் ஆரம்பித்துவிட்டேன்.

“சாக்கெல்லாம் இருக்கட்டும் பாய். யாரைக் கேட்டு இவ்வளவும் செஞ்சீங்க?”

“இன்னா தம்பி இப்படிக் கேட்டுட்ட? கேக்காம நான் கை வெப்பனா? சாருக்குப் போன் போட்டேன், சார் சொன்னாரு.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வண்டியை விட்டவன் என்று பில்லை எனக்கு அனுப்பினாலும், பாயின் டைரியில் எங்கள் வண்டிக்கு எதிரே இருப்பது அப்பாவின் நம்பர். வண்டியும் அப்பா பெயரில். கேட்க வேண்டிய ஆளைத்தான் கேட்டிருக்கிறார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா ஸ்டூலிலிருந்து எழுந்தார். “நான் சொன்னேனா? எப்போ சொன்னேன்? பஷீர், பொய் சொல்லாதே!” பழைய அலுவலகக் குரல். “என் ஒப்புதல் இல்லாம ஒரு ஸ்க்ரூ நீ எப்படிக் கழட்டலாம்? இதுக்குப் பேர் திருட்டு!”

சந்தில் போனவர்கள் நின்றார்கள். வெள்ளைக் காரை ரிப்பேருக்கு விட வந்திருந்த ஒரு ஐடி இளைஞன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தான். பாய்க்கு முகம் கறுத்துவிட்டது. என்னை வண்டிக்கு அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போய், போனை என் காதில் வைத்தார். எல்லா அழைப்பும் அதில் பதிவாகுமாம்.

அப்பாவின் குரல். உற்சாகமாக இருந்தது. “எல்லாத்தையும் மாத்திடு பஷீர். சீட் கவர் நல்லதா போடு. அடுத்த மாசம் கமலாவை அழைச்சிக்கிட்டு திருப்பதி போறேன்.”

கமலா என் அம்மா. போய்ச் சேர்ந்து ரெண்டு வருஷம் ஆகிறது. பாய் வந்து மயானம் வரை நடந்தார்.

போனைத் திருப்பிக் கொடுத்தேன். பாய் என் முகத்தையே பார்த்தார். “அம்மா பேரைச் சொன்னப்பவே எனக்குப் பொறி தட்டியிருக்கணும்” என்றார் மெதுவாக. “இத்தினி வருஷமா சார் சொன்னா செஞ்சே பழக்கம். ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கலாமே தம்பி.”

அந்தப் பக்கம் அப்பா கூட்டத்தைப் பார்த்து இன்னும் கத்திக்கொண்டிருந்தார். போனை ஸ்பீக்கரில் போட்டால் பாயின் மானம் தப்பும், அப்பாவின் மானம் அந்தச் சந்திலேயே போகும். வாயைத் திறந்து உண்மையைச் சொல்ல வேண்டியவன் நான். பாய் போனைப் பையில் போட்டுக்கொண்டு அப்பா முன்னால் போய் நின்றார்.

“தப்புதான் சார். கேக்காம பண்ணிட்டேன். மன்னிச்சிக்கோங்க.”

“இனிமே இப்படிச் செய்யாதே” என்றார் அப்பா, ஆபீஸ் ஃபைலை மூடிவைக்கிற தோரணையில். ஐடி இளைஞன் சாவியைப் பைக்குள் போட்டான். “அப்புறம் வர்றேன் பாய்” என்று வண்டியை ரிவர்ஸ் எடுத்துப் போய்விட்டான். பாய் தடுக்கவில்லை. நான் அப்போதும் பேசவில்லை. என் சட்டையை யாராவது பிடித்து உலுக்கியிருந்தால்கூட நல்லது. பில் தொகை முழுவதையும் அங்கேயே போனில் அனுப்பினேன். பாய் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அவிழ்க்காத சாக்கைத் தூக்கி டிக்கியில் வைத்தார், அவ்வளவுதான்.

11.20. கிளம்பினோம். பம்மல், பல்லாவரம், ஜி.எஸ்.டி. ரோடு. வண்டி வெண்ணெயாக ஓடியது, அதுதான் வயிற்றெரிச்சல். பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் டிக்கிக்குள் பழைய இரும்பு லொடலொடவென்று இடித்தது. திரும்பிப் போய் பாயின் கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்று குரோம்பேட்டை வரை யோசித்தேன். எந்த முகத்தோடு?

குரோம்பேட்டை சிக்னலில் அப்பா டாஷ்போர்டைத் தட்டிக் கொடுத்தார். முகம் தெளிவாக இருந்தது. கோபத்தின் அடையாளமே இல்லை.

“வண்டி அருமையா இருக்கே. யார்கிட்ட விட்டே?”

“தெரிஞ்ச ஒருத்தர்கிட்டப்பா.”

“தெரிஞ்சவங்க, கிஞ்சவங்கன்னு கண்டவன்கிட்ட விடாதே ரகு. அனகாபுத்தூர்ல பஷீர்னு ஒருத்தன் இருக்கான், அவன்கிட்ட விடு. நம்மளைக் கேக்காம ஒரு ஸ்க்ரூகூடக் கழட்ட மாட்டான்.”

பச்சை சிக்னல் விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். “சரிப்பா” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.