அணுமின் பங்கு வைத்திருந்தவர்

அருப்புக்கோட்டையில் பங்குத் தரகு அலுவலகம் ஒன்றில் நான் வேலை பார்த்தபோது, திருச்சுழியிலிருந்து ஒரு பெரியவர் வாரம் தவறாமல் வருவார். நரைத்த மீசை, கசங்காத வெள்ளைச் சட்டை. அணுமின் நிலையங்களுக்குக் கருவிகள் செய்யும் ஒரு கம்பெனியின் பங்கு விலையை மட்டும் கேட்டுவிட்டுப் போவார்.

அணுமின் துறையில் தனியாரும் முதலீடு செய்யலாம் என்ற செய்தி வந்து, விலை எகிறியது.

"இப்ப வித்தா நல்ல லாபம் அய்யா," என்றேன்.

"விக்கிறதுக்கு வாங்கல தம்பி. எம்மகன் அந்தக் கம்பெனியிலதான் வேல பாக்கான். அவங்கம்மா போய்ச் சேந்ததுலருந்து எங்கூடப் பேசுறதில்ல. வெல ஏறுனா, அவன் நல்லாருக்கான்னு நெனச்சுக்கிடுவேன்."

அடுத்த வாரம் விலை சரிந்தது. அவர் வந்ததும் சொன்னேன்.

"அவனுக்கு மேலுக்கு முடியலையோ என்னமோ," என்றார்.