நடுநிலைப் பொட்டலம்

எர்மெலிண்டாவுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டில், லிஸ்பன் நகரில் அவளளவுக்கு அச்சடித்த தாளை ஜனங்கள் கையில் சேர்த்தவர் எவருமில்லை.

ரோசியோ சதுக்கத்தில், ரயிலடிப் பக்கத்து மூலையில், பதினாறு வருடமாகக் கரியடுப்பில் கஷ்கொட்டை சுட்டு விற்றாள். கணவன் எவாரிஸ்டு வருடத்தில் பாதி நாள் வடகடலில் மீன் பிடிக்கப் போய்விடுவான். அவன் கப்பலுக்கு வெள்ளையடித்து, இரு பக்கமும், போரில் சேராத தங்கள் நாட்டின் பெயரை ஆளுயரத்துக்கு எழுதியிருந்தார்கள், எந்தத் தரப்பும் சுட்டுவிடாமலிருக்க. எர்மெலிண்டாவின் அடுப்பில் அப்படி எதுவும் எழுதவில்லை. வினை அங்கேதான் வந்தது.

அப்போது பொட்டலம் மடிக்கப் பழைய செய்தித்தாள்கூடக் கிடைக்காது. இரண்டு தூதரகங்களோ வழவழப்பான படப் பத்திரிகைகளைக் கேட்டவர்களுக்கெல்லாம் கட்டுக்கட்டாக இனாமாகக் கொடுத்தன. ஜெர்மன்காரர் தாளில் டாங்கிகள் அணிவகுத்தன. ஆங்கிலேயர் தாளில் விமானிகள் சிரித்தபடி தேநீர் குடித்தார்கள். எர்மெலிண்டா இரண்டையும் விரலால் தேய்த்துப் பார்த்தாள். ஜெர்மன் தாள் சூடு தாங்கும். ஆங்கிலத் தாளின் மை கையில் ஒட்டாது. உலகப் போரைப் பற்றி அவளுக்கிருந்த அபிப்பிராயம் அவ்வளவுதான்.

ஒரு நாள் சதுக்கத்துக் காவலர் திபூர்சியு வந்து நின்றார்.

"ஏம்மா, உம்மேல புகார் வந்திருக்கு. நேத்து பூரா டாங்கிப் படத்துலயே மடிச்சுக் குடுத்தியாமே?"

"அந்தக் கட்டுதான் மேல இருந்துச்சுங்கய்யா."

"நாடே நடுநிலை. நீயும் நடுநிலையா இரு. இல்லேன்னா மார்ட்டின் திருநாளோட உன் லைசென்ஸ் கிழிஞ்சுது. மூலை வேற ஆளுக்குப் போயிரும்."

அன்றிலிருந்து அவள் கண் அடுப்பில் நிற்கவில்லை. தொப்பி வைத்தவனெல்லாம் புகார் எழுதுகிறவனாகத் தெரிந்தான். கொட்டை கருகியது. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தாள்: ஒரு பொட்டலம் டாங்கி, அடுத்தது தேநீர், மறுபடி டாங்கி. இதைவிட நடுநிலை சுவிட்சர்லாந்தில்கூடக் கிடைக்காது.

மார்ட்டின் திருநாளன்று ஊரே கஷ்கொட்டை தின்னும். வரிசை நீண்டது. டாங்கி முறை வந்ததும் முன்னால் நின்ற மீன்காரி நகர்ந்துகொண்டாள்.

"அண்ணே, நீங்க போங்க."

"எனக்கென்ன அவசரம்? நீங்க போங்கம்மா."

"டாங்கியத் தின்னா எனக்குச் செரிக்காதுண்ணே!"

சிரிப்பு எழுந்தது. விறைத்த காலர்க்காரர் ஒருவர் மட்டும் முன்னால் வந்து, "இங்க குடும்மா, எனக்கு நல்லாவே செரிக்கும்" என்று வாங்கிப்போனார். அதன்பின் ஒவ்வொரு டாங்கிக்கும் வரிசை நின்றுபோனது. தேநீருக்காக ஒதுங்கி நின்றவர்கள் இருபது பேர்; டாங்கிக்கு இரண்டு பேர். எண்ணத் தெரிந்தவர் எவரும் எண்ணிவிடலாம். தேர்தலுக்கு முன்பே முடிவு தெரிந்துவிடும் நாட்டில் இது நல்லதற்கல்ல.

சற்றுத் தள்ளி நின்று பார்த்த திபூர்சியு ஓடிவந்தார். "நிறுத்தும்மா! இனி உன் தாளே கூடாது!"

"சுடச்சுட எதுலய்யா குடுப்பேன்?"

"தொப்பில குடு, மடியில குடு. உன் தாள் மட்டும் ஆகாது."

வரிசையில் நின்ற ஒரு குமாஸ்தா கோட்டுப் பைக்குள் கைவிட்டு ஆங்கிலப் பத்திரிகையை எடுத்தார். ஒரு பக்கத்தைக் கிழித்துச் சுருட்டி நீட்டினார். "இந்தாம்மா, இது என் தாள்." அவருக்குப் பின்னால் பைகள் திறந்தன. கொஞ்ச நேரத்தில் வரிசை முழுக்க விமானிகள் தேநீர் குடித்தார்கள். காலர்க்காரர் மறுபடி வந்து, தன் டாங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தனியே நின்றார்.

"அடேயப்பா, ஒத்த ஆளு அணிவகுப்பா?" என்றாள் மீன்காரி.

காவலர் எர்மெலிண்டாவைப் பார்த்தார். அவள் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள்.

"என் தாள் ஒண்ணும் இல்லைங்கய்யா."

அவர் அவள் லைசென்ஸைக் கேட்டு வாங்கி முன்னும் பின்னும் புரட்டினார். கிழிக்க ஒரு காரணம் அகப்படவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டு, ரயிலடிக் கடிகாரத்தை வெகு சிரத்தையாகப் பார்க்கத் தொடங்கினார்.

மூலை தப்பியது. ஆனால் அவள் கண் இன்னும் தொப்பிகள் மேலேயே அலைந்தது. கடைசிச் சட்டி முழுக்கக் கரி. அதையும் வாங்கிப்போனார்கள். அன்றைக்கு அவர்கள் வந்தது கொட்டைக்கு அல்ல, வரிசையில் நிற்க.