ஒரு பிடி சோடா

ஹைடெக் சிட்டிக்கு வேலைக்குப் போக வேண்டாத ஞாயிற்றுக்கிழமை. மகனின் கால்பந்துச் சட்டையில் செம்மண் கறை போகவே இல்லை என்று, ஹப்சிகுடா வீட்டில் நானே சலவைத்தூள் கலக்க உட்கார்ந்தேன். வாஷிங் சோடா மூக்கில் ஏறித் தும்மியதும் நான் வளர்ந்த லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸ் கண்முன் வந்துவிட்டது.

அப்பாவுக்கு ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. காக்கியெல்லாம் கிரீஸ் அப்பிக்கொண்டு வருவார். அம்மா பார் சோப்பைச் சீவி, ஒரு பிடி சோடா சேர்த்துத் தகர டப்பாவில் வைத்திருப்பாள். ஒருநாள் காக்கி ஊறிய வாளியில் என் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையும் விழுந்து சாம்பல் நிறமாகிவிட்டது. வகுப்பே சிரித்தது. அந்த ஆத்திரத்தில், இனியாவது வெளுக்கட்டும் என்று, யாருக்கும் தெரியாமல் டப்பாவில் இன்னும் நாலைந்து பிடி சோடாவைக் கொட்டினேன்.

மறுநாள் துவைத்து முடித்த அம்மாவின் விரலிடுக்கெல்லாம் வெடித்து ரத்தம் கசிந்தது. சோறு பிசையக்கூட முடியவில்லை.

"என் அளவுதான் தப்பிப்போச்சு" என்றாள் அப்பாவிடம்.

அவர் அன்றிலிருந்து ரிட்டயர் ஆகும்வரை தன் காக்கியைத் தானே துவைத்தார். நான் வாயே திறக்கவில்லை. அவர் போயும் சேர்ந்துவிட்டார்.

இப்போது இரண்டாவது பிடி அள்ளப்போனேன். சோபாவில் இருந்த அம்மா திரும்பினாள்.

"நக்கோ, இன்னும் போடாதே, ஒரு பிடி போதும்டி. அன்னைக்கே டப்பா மூடி மேல உன் சின்னக் கை அச்சைப் பார்த்தேன்."